படத்தில் இல்லாத சுவர்

சாதிகாவின் வீட்டுக்கு வழி இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள். எழுத்தர் பீமாராவ் தன் போனையே அவளிடம் திருப்பிக் காட்டினார். வானத்திலிருந்து எடுத்த படம். ஒத்தக்கடைக்கு உள்ளே, அவள் வீட்டு நீலத் தகரக் கூரையிலிருந்து மேலூர் ரோடு வரை செம்மண் பாதை தெளிவாக ஓடியது.

“பாதை இருக்குல்லம்மா?”

“குறுக்க சுவர் எழுப்பிட்டாங்க சார். ஆறு மாசமாச்சு.”

“இதுல சுவரே தெரியலையே.”

எட்டடிச் சுவர். பக்கத்து நிலத்தில் மனை போட்டவர்கள் ஒரே வாரத்தில் கட்டிவிட்டார்கள். மிஞ்சியது வாய்க்கால் கரை. ஓர் ஆள் நடக்கலாம். சாதிகா நடந்துவிடுவாள். கணவன் ஜமீல் டைல்ஸ் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவன். சக்கர நாற்காலி அந்தக் கரையில் உருளாது. காளவாசலுக்குப் பிசியோதெரபிக்குப் போவது நின்றது. வாசலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் மத்தியானம் காய்ச்சலில் அவனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஆம்புலன்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. டிரைவர் போனில் கேட்டார்:

“மேப்புல வழி காட்டுதேக்கா, எங்க இருக்கீங்க?”

“சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி!”

நாலு பேர் போர்வையில் கிடத்தி, கரை வழியாகத் தூக்கிப் போனார்கள். பிழைத்து வந்தவன், “இனிமே என்னயத் தூக்க வேணாம் சாதிகா. கெடந்துட்டுப் போறேன்” என்றான். அவள் பக்கத்து வீட்டு மெர்வினிடம் போனாள். அவர் மிஷன் பள்ளியில் வாத்தியார்.

அவர் கம்ப்யூட்டரில் அதே இடத்தைத் திறந்தார். “இது நேரலை இல்லக்கா. சேட்டிலைட் மேல போறப்ப எடுத்த போட்டோ. மேகம் மறைச்சத ஒதுக்கிட்டு, வேற வேற நாள் எடுத்தத ஒட்டுப்போட்டுக் காட்டுறாங்க. நம்ம தெரு ரெண்டு வருசத்துக்கு முந்தினது.”

“புதுசு எப்ப வரும்?”

“அது அவங்க இஷ்டம். சொல்ல முடியாது.”

சாதிகா தினமும் போனில் பார்த்தாள். தினமும் அதே திறந்த பாதை. பங்குனியில் ஒரு காலை படம் மாறியிருந்தது. பாதையை வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. வாய்க்கால் கரையில் ஓட்டமும் நடையுமாய் அலுவலகம் போனாள்.

பீமாராவ் உற்றுப் பார்த்தார். “சுவர் இருக்கு. அப்ப இங்க பாதையே கிடையாதேம்மா.”

அவள் நேரே மெர்வினிடம் திரும்பி வந்து சொன்னாள்.

மெர்வின் விடவில்லை. அவர் கம்ப்யூட்டரில் திறந்த அதே மேப்பில் பழைய படங்களும் தேதியோடு கிடந்தன. பாதை உள்ள படத்தையும் சுவர் வந்த படத்தையும் தேதி தெரிய அச்செடுத்து, இருவரும் திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் சர்வேயர் வந்தார். அவருக்கும் வாய்க்கால் கரைதான் வழி. முழங்கால் வரை சேறு. அளந்து பார்த்து, சுவர் பாதைமேல்தான் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

மனைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு முடியும்வரை நாலடி மட்டும் திறக்க உத்தரவானது. அதிலும் இரும்புக் கதவு போட்டுச் சாவியைக் காவலாளி பேயாண்டியிடம் கொடுத்துவிட்டார்கள். போகவும் வரவும் அவருக்குப் போன் போட வேண்டும்.

முதல் நாள் சாதிகா நாற்காலியை மேலூர் ரோடு வரை தள்ளிப் போனாள். ஜமீல் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பேயாண்டி ஆறு மணிக்குப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவாருங்க. போவமா?”

“இன்னும் ரெண்டு பஸ் போகட்டும்” என்றான்.