ஒன்று, இரண்டு, ஒன்று

1986 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு இருபது. வெயிலும் மழையும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. பிரிக்பீல்ட்ஸில் மினி பஸ் ஏறிப் பங்சாரில் இறங்கினேன். என் ஆய்வேட்டை மேற்பார்த்த விரிவுரையாளர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அவசரமாக வரச் சொல்லியிருந்தார். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர்.

நான் இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர். பகுதி நேரமாக முதுகலை படித்தேன். அந்த மாதக் கடைசிக்குள் ஏட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ வகுப்பு எனக்குத்தான் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஏடு முழுதும் தட்டச்சாகிவிட்டது.

அதன் மூன்றாம் அத்தியாயம் வளையங்களைப் பற்றியது. வளையம் என்பது கணிதத்தில் ஓர் உறுப்புத் தொகுதி; எண்களைப் போலவே கூட்டலும் பெருக்கலும் உண்டு. ஆனால் பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கினாலும் பூச்சியம் வரலாம். அப்படிப்பட்ட சிறிய வளையங்களில், எக்ஸ், வொய் என்ற எழுத்துகளில் எதனால் பெருக்கினாலும் பூச்சியமாகிவிடும் உறுப்பு ஒன்றே ஒன்று இருந்தால் அது கோரென்ஸ்டீன் வளையம். அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு சுருக்குவழி எழுதியிருந்தேன். எழுத்தில்லாதது எத்தனை, ஓரெழுத்து எத்தனை, ஈரெழுத்துப் பெருக்கம் எத்தனை என்று உறுப்புகளை அடுக்கு வாரியாக எண்ண வேண்டும்; எண்வரிசை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே மாதிரி இருந்தால் போதும், அது கோரென்ஸ்டீன். ஏழு உதாரணங்கள் போட்டுப் பார்த்தேன். ஏழும் சரி.

கடையில் விரிவுரையாளரின் இலையில் பாதிச் சோறு மிச்சமிருந்தது. இடது கையால் பில்லைத் திருப்பி, பின்புறம் எழுதியிருந்ததைக் காட்டினார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. எக்ஸ் ஸ்குவேர்ட் பூச்சியம், எக்ஸ் வொய் பூச்சியம், வொய் கியூப் பூச்சியம். மிச்சம் என்னென்ன இருக்கு?”

“ஒன்று, எக்ஸ், வொய், வொய் ஸ்குவேர்ட். நாலு.”

“அடுக்கு வாரியா?”

“ஒன்று, இரண்டு, ஒன்று. அப்போ கோரென்ஸ்டீன்தானே டாக்டர்?”

“எதால பெருக்கினாலும் செத்துப்போறது எது?”

“வொய் ஸ்குவேர்ட்.”

“எக்ஸ்?”

பெருக்கிப் பார்த்தேன். எக்ஸும் செத்தது. ஒன்றே ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

“ஜூன்ல நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!”

“சொன்னேன்லா. நேத்துதான் உறைச்சது. உங்க ஏழும் ஒரே குடும்பம் சார். எக்ஸோட ஒரு அடுக்கு பூச்சியம், வொய்யோட ஒரு அடுக்கு பூச்சியம், அவ்வளவுதான். எக்ஸ் வொய் பூச்சியம்னு ஒண்ணுகூடப் போடல.”

“கோரென்ஸ்டீனா இருந்தா வரிசை அப்படித்தானே வரும்?”

“இந்த மாதிரி வளையத்துல வரும். வரிசை அப்படி வந்தா கோரென்ஸ்டீன்னு திருப்பிச் சொன்னாத்தான் பொய். நேரா சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.”

பரிமாறுபவர் வாளியோடு வந்தார். “அண்ணே, நீங்க இன்னும் உட்காரவே இல்லையே, இலை போடவா?” அப்போதுதான் நான் நின்றுகொண்டே கணக்குப் போட்டிருப்பது தெரிந்தது.

பஸ்ஸில் என் ஏழில் ஒன்றான, எக்ஸ் ஸ்குவேர்டும் வொய் ஸ்குவேர்டும் பூச்சியமாகும் பழைய வளையத்தையும் அவருடையதையும் மாற்றி மாற்றி எண்ணினேன். இரண்டிலும் நாலு. இரண்டிலும் ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று தேறுகிறது, மற்றது தேறவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் விடையும் சரி என்றே இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவன் நான். எங்கே பிசகினேன் என்று தெரிந்தது. ஏன் பிசகியது என்பதுதான் பிடிபடவில்லை.

வீட்டில் கட்டம் போட்ட தாளில், எக்ஸ் பக்கவாட்டில், வொய் மேல்நோக்கி என்று உறுப்புகளைப் பெட்டிகளாக அடுக்கினேன். என்னுடையது சதுரம், வெளியே நீட்டும் மூலை ஒன்று. அவருடையது படிக்கட்டு, மூலை இரண்டு. செத்துப்போகிறவை மூலையில்தான் உட்கார்ந்திருந்தன. இதைத் தொலைபேசியில் சொன்னேன். “இதை எழுதுங்க சார், முதுகலைக்கு இது போதும். ஆனா ஆகஸ்ட்டுக்குள்ள முடியாதுலா” என்றார்.

பொய்யான அத்தியாயத்தை அப்படியே கொடுத்திருக்கலாம். தேர்வாளர் கவனிக்காமலும் போயிருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. ஆறாம் படிவம் வேறொருவருக்குப் போனது. ஏடு மறுவருஷம்தான் தேறியது. மூலைகளை எண்ணினால் சரியாக வருகிறது, பெட்டிகளை எண்ணினால் ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் சில நாள் உட்கார்ந்து குழம்புகிறேன். கூடுதல் பருவக் கட்டணம், மறு தட்டச்சு, மறு பைண்டிங், பஸ் எல்லாம் சேர்த்து அறுநூற்று முப்பத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு.