கழுத்தில் தொங்கிய கட்டை

அந்தப் பலகையில் மீன் வாடை அடிக்கும். துறைமுகத்து மீன்பெட்டியிலிருந்து பிடுங்கிய உள்ளங்கை அகலத் துண்டு; 'நான் தமிழ் பேசினேன்' என்று இங்கிலீஷில் எழுதி, வலைக்கயிற்றில் கோத்திருந்தார்கள். தூத்துக்குடியில் நான் படித்த பள்ளியில் தமிழ் பேசி மாட்டிக்கொண்டவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அடுத்து எவள் தமிழில் வாய் திறக்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைய வேண்டும். கண்டுபிடித்தால் அவள் கழுத்துக்கு மாற்றிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவளுக்குப் பத்துப் பிரம்படி. நாங்கள் அதைக் "கட்டைத்தாலி" என்போம். அடிக்கிற சாரும் பக்கத்து ஊர் ஏரல்காரர்தான். "கையை நீட்டுளா, மூதி" என்று தமிழில் திட்டிக்கொண்டேதான் அடிப்பார். அவருக்கு மட்டும் தாலி கிடையாது. பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பாவோ, "அடி வாங்காம இங்கிலீஷ் எப்படிளா வரும்?" என்று என் வீங்கின கையில் தேங்காயெண்ணெய் தடவுவார்.

ஆறாம் வகுப்பில் ஒருநாள், கடைசிப் பாடவேளையில் அது என் கழுத்தில் கிடந்தது. பக்கத்தில் ஜெசிந்தா, சங்கு குளிப்பவரின் மகள், மதியம் தன் மீன் துண்டில் பாதியை எனக்குப் பிட்டுத் தருகிறவள். தமிழ் வந்துவிடுமோ என்று பயந்து பள்ளியில் வாயே திறக்கமாட்டாள். அதனால் கட்டை ஒருநாளும் அவளிடம் போனதில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, காம்பஸ் முள்ளை அவள் தொடையில் இறக்கினேன். "எம்மோ!" என்று அலறினாள். வலிக்கு இங்கிலீஷ் தெரிந்தவள் எங்கள் வகுப்பில் யாரும் இல்லை. கட்டையைக் கழற்றி நானே அவளுக்கு மாட்டினேன்.

ஆறாவது அடிக்கு அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிரம்பு மேசையில் பட்டதும் சாருக்கு வெறி ஏறிவிட்டது. இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார். ஜெசிந்தா சுவரில் மோதி விழுந்தாள். காதிலிருந்து இறங்கிய ரத்தம் சட்டையையும் பலகையையும் நனைத்தது. கூட்டிப்போக வந்த அவள் அப்பா குனிந்து பார்த்ததுமே, "செவிச் சவ்வு கிழிஞ்சிட்டு" என்றார். ஆழத்தில் முங்குகிறவருக்கு அது தெரியாதா? "ஏட்டி, எதுக்குக் கத்துன?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்; சொல்லவில்லை. அதன்பின் பள்ளிக்கே வரவில்லை.

நான் நர்ஸாகி அயர்லாந்துக்குப் போனேன். அங்கே வார்டில் ஒரு முதியவர், தன் தாத்தாவின் கழுத்தில் பள்ளியில் தொங்கிய குச்சியைப் பற்றிச் சொன்னார்: ஐரிஷில் பேசும்போதெல்லாம் குச்சியில் ஒரு வெட்டு, சாயங்காலம் வெட்டுக்கு ஒரு அடி. முதியவரின் அப்பா துப்பாக்கி தூக்கி இங்கிலீஷ்காரனை விரட்டினாராம். "நாடு கிடைத்தது, தாத்தாவின் பாஷையில் எனக்கு ஒரு ஜெபம்கூட வராது" என்று அழுதார். தாத்தாவை யார் மாட்டிவிட்டது என்று கேட்டேன். "வேறு யார், கூடப் படித்தவன்தான்" என்றார். மருந்துத் தட்டோடு அடுத்த கட்டிலுக்குப் போனேன். என் மகள் அங்கே பள்ளியில் ஐரிஷ் படிக்கிறாள், தமிழ் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போனேன். பள்ளியில் கட்டையும் இல்லை, சாரும் இல்லை, இப்படி ஒன்று இருந்ததென்றே இப்போதுள்ள டீச்சர்களுக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா கடற்கரையில் மீன் ஏலத்தில் நின்றிருந்தாள். எனக்கு வெட்கமும் பயமும். தெரிந்தேதான் அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். "கட்டைய உனக்கு மாட்டத்தான் குத்துனேன். மன்னிச்சிரு" என்றேன். அவள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தற்செயலாகத் திரும்பி என்னைக் கண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "ஏட்டி, நீயா! என்னமும் சொன்னியா? இந்தக் காதுல சொல்லு" என்று வலது காதைக் காட்டினாள்.

நான் அந்தப் பக்கம் போய், "பிள்ளைங்க எல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்டேன்.