ரம்பம் மாமா

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் வைத்த பெயர் ரம்பம் மாமா. மாவுக்கட்டு போடுவதும், அதை ரம்பத்தால் அறுத்துப் பிரிப்பதும் அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே வாளி, கண் இமையில் அதே வெள்ளைத் தூசி. வீட்டிலும் ஒரே கதையை ஒன்பது தடவை சொல்லுகிற ஆள் என்பதால், பெயர் பொருத்தம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த மனிதருக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். முதல் தேதி வந்ததும் இவருக்குத் திடீரென்று ஜலதோஷம். இரண்டாவது தேதிக்கு, "மாவு மூட்டை வருது, நான் இல்லாம யாரு இறக்கி வைப்பா?" என்றார். உலகத்தில் இவர் ஒருவர்தான் மூட்டை இறக்கப் பிறந்தவர்! மூன்றாவது தேதி வியாழக்கிழமை. இதையும் தள்ளினால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அதைவிட வேதனை, அவர் ஜெபம் பண்ணுவதை நிறுத்தியதுதான். கல்யாணம் ஆன நாள் முதல் சாயங்கால ஜெபம் அவருடையது. இப்போது, "நீ பண்ணும்மா" என்று தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் ஏன் என்று விடாப்பிடியாகக் கேட்டேன்.

"ஆண்டவரை நம்புறவன் பயப்படுவானா? எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. இந்தப் பயத்தோட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் முன்னாடி போய் நிக்கிறது?"

பதில் தெரியாவிட்டால் கோபம் வரும் எனக்கு. அதுதான் வந்தது.

திங்கட்கிழமை துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் ஆபரேஷன் சம்மதத் தாள் கிடந்தது. கையெழுத்து இல்லை. ஈரக் கையோடு அதை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதாக இருந்தேன்.

கட்டு அறைக்குள்ளே ஒரு லாரி டிரைவர் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மீசையே ஒரு முழம் இருக்கும். அந்த ரம்பம் சுற்றாது, அதிரும். மாவை அறுக்கும், தோலை அறுக்காது. இவர் தன் உள்ளங்கையில் ஓடவிட்டுக் காட்டினார். டிரைவர் மூன்று தடவை காட்டச் சொன்னார். அப்புறமும் ரம்பம் கிட்டே வந்ததும் காலை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்களே கண்ணால பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் சார். இருந்தாலும்..."

அவர் கட்டைப் பிரித்து அனுப்பவே அரைமணி ஆனது. அடுத்து, அப்பா மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. இடது கையில் கட்டு. ரம்பத்தின் சத்தம் கேட்டதுமே ஊரைக் கூட்டினாள். இவர் வழக்கம்போல உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவள் அந்த உள்ளங்கையைப் பார்க்கவே இல்லை. இவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"வெட்டாதா மாமா?"

"வெட்டாதுடா கண்ணு."

"பயமா இருக்கு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அழுகை மட்டும் நிற்கவில்லை. மூக்கு ஒழுகியது, உடம்பெல்லாம் நடுங்கியது. இவருக்கே மனசு கேட்கவில்லை. பாதியில் ரம்பத்தை நிறுத்தினார்.

"போதும்டா தங்கம். இன்னொரு நாள் பாத்துக்கலாமா?"

"வேணாம்," என்றாள் விக்கலோடு. "நீங்க வெட்டுங்க. நான் அழுதுக்கிறேன்."

கடைசித் துண்டு கழன்று விழும்வரை அழுதாள். கையை மட்டும் ஒரு விரற்கடைகூட இழுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு இவர் முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கேட்க வந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துபோனது. தாளை மட்டும் நீட்டினேன். வாங்கி மேஜைமேல் வைத்து, மாவுத் தூசியைத் தட்டாமலே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் அவரே ஜெபித்தார். "அப்பா, ரொம்பப் பயமா இருக்கு," என்று ஆரம்பித்தார். "நீர் செய்யும். நான் அழுதுக்கிறேன்." அவ்வளவுதான் ஜெபம். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பண்ணிய ஜெபங்களில் அதுதான் சின்னது.

வியாழக்கிழமை காலையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், வெட்கமே இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதார். நர்ஸ் ஊசியோடு தயங்கி நின்று என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா இது, இப்படி அழறாரு? டாக்டர்கிட்ட சொல்லி இன்னொரு தேதி வாங்கட்டுமா?"

நான் அவர் கையைப் பார்த்தேன். அது ஊசிக்காக நர்ஸை நோக்கி நீட்டியபடியே இருந்தது.

"வேணாம் சிஸ்டர்," என்றேன். "நீங்க போடுங்க. அவர் அழுதுக்குவார்."