காலை உயரம்

காலை நான்கு ஐம்பது. முதலில் தெரிந்தவை தங்கையின் குதிகால்கள். மொபெட்டின் முன்விளக்கு அவ்வளவு தூரம்தான் எட்டும். கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் வாய்க்கால் கரையில் அவள் முன்னால் ஓட, நான் வெளிச்சம் காட்டிக்கொண்டு பின்னால் போவேன். வழியில் பாம்பு கிடந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அப்பா செய்த ஏற்பாடு. விளக்கு பின்னால் இருந்ததால் அவளுடைய நிழலே அவள் பாதையை மறைத்தது. அதை அவர் யோசிக்கவில்லை.

2009 வாக்கில் நான் சிதம்பரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். தங்கை பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். வேறு எந்த வேலைக்கும் அவள் முயலவில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டத்திலும் தாண்டுவதிலும் பயமில்லை. சிக்கல் உயரத்தில் இருந்தது.

அப்பா அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தார். மூட்டை தூக்கப் போனவர் பாய்லர் ஆளாக உயர்ந்ததற்குக் காரணம், தினமும் ஆலைக்கு முதல் ஆளாகப் போனதுதான் என்று நம்பினார். உழைத்து வாங்க முடியாதது என்று ஒன்று இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. உயரமும் அதில் அடக்கம். இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு பழைய இரும்புக் குழாயைக் கட்டினார். ஓடி வந்ததும் அவள் அதில் தொங்க வேண்டும். தேர்வுக்குத் தேவையான உயரத்தை டேப்பால் அளந்து, கதவு நிலையில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார்.

காலையில் எழுந்ததும் அவள் உச்சந்தலை அந்தக் கோட்டைத் தொடும். சாயங்காலம் தொடாது.

"நாள் பூரா நின்னா எல்லாருக்குமே கொஞ்சம் கொறையும்பா" என்றேன்.

"பத்தல. இன்னும் கொஞ்ச நேரம் தொங்கட்டும்" என்றார்.

உயரம் இழுபறியாக இருப்பவர்கள், அளக்கும் நேரம்வரை படுத்தே இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். கடலூர் மைதானத்துக்கு அழைப்பு வந்தபோது நாங்களும் அதையே செய்தோம். மாமா மகன் தன் வேனின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு வந்தான். பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். கிளம்பும்போது இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. பிற்பகல் பிரிவுக்கு எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன்.

"மத்தியானம்னுதான் போட்டுருக்கான். அதுக்காவ மத்தியானமா போவ முடியும்?" என்றார் அப்பா.

சிதம்பரம் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா, பள்ளத்தப் பாத்து ஓட்டு. தூக்கிப் போட்டா அரை இஞ்ச் ஒசரம் போயிடும்."

"பேசாம படுடி. போலீசானதும் மொத கேசு என் மேலதான் போடப் போற."

"பின்ன எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறேன்?"

"பேச்சு குடுக்காத மாப்ள, அது தூங்கட்டும்" என்றார் அப்பா. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். "எனக்கு ஸ்ட்ரா போட்டு வாங்கியா அண்ணா" என்றாள். டீக்கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ஒடம்பு கம்மியா இருக்குங்க" என்றான் மாமா மகன். அவள் படுத்தபடியே சிரித்ததில் டீ கழுத்தில் வழிந்தது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் மைதானத்தை அடைந்தோம். வேனை நிழலில் நிறுத்தி அவளைப் படுக்கவிடலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. வாசலில் வரிசை தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பிற்பகல் பிரிவில் முதல் ஆள் அவள்தான். காலைப் பிரிவுப் பெண்கள் அவளைக் கடந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியதும் வேப்பமரத்தடியில் துண்டு விரித்துப் படுத்தாள். வாசலில் இருந்த பெண் காவலர், "இன்னாம்மா, இது ஒங்க ஊடா? எழுந்து லைன்ல நில்லு" என்று விரட்டினார். பிறகு அவள் உட்காரக்கூட இல்லை. அப்பா தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அவளை நிமிர்ந்து நிற்கும்படி கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் பிரிவை உள்ளே அழைத்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. முதலில் போனவள் முதலில் திரும்பி வந்தாள்.

உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் சொன்னாள். "காலையில கரெக்டா இருந்துச்சு மேடம், இன்னொருவாட்டி பாருங்கன்னேன். மறுபடியும் அளந்தாங்க. காலையில எல்லாரும் ஒசரந்தாம்மா, போன்னுட்டாங்க." முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் படுக்கச் சொல்ல யாருக்கும் காரணம் இருக்கவில்லை. மாமா மகன் பள்ளங்களில் அப்போதும் மெதுவாகவே ஓட்டினான்.

மறுநாள் விடிந்ததும் அப்பா அவளைக் கதவு நிலையில் நிற்கவைத்துப் பார்த்தார். தலை கோட்டைத் தொட்டது.

"சரியாதான இருக்கு" என்றார். அடுத்த தடவைக்கு இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார். அவள் முகம் கழுவப் போனாள். அன்று ஓடவில்லை. அதற்குப் பிறகும் ஓடவில்லை. அடுத்த ஆண்டு கடலூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள்.

எனக்கு மட்டும் அந்த விடிகாலை நேரத்தில் விழிப்பு வந்துகொண்டிருந்தது. சில நாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு கரையில் போய்ப் பார்த்தேன். வெளிச்சத்தில் பாதை முழுவதும் தெரிந்தது. அதில் குறுக்கே நிழல் விழ வேண்டும் என்று கண் தேடியது. அவள் ஓடிய நாட்களில், மழைக்காலத்தில் ஈரமண்ணில் பதியும் அவள் கால்தடத்தின் மேலேயே சக்கரத்தை ஓட்டிப் போவேன், அவள் திரும்பி வரும்போது அதைப் பார்த்து, "என் கால அழிச்சிட்டியா?" என்பாள்.

2012 தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மாவுடன் அந்தக் கடைக்குப் போனேன். பட்டுப் பிரிவில் நின்றிருந்தாள். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்று அங்கே விதி. அம்மா மேல் தட்டிலிருந்த ஒரு புடவையைக் காட்டினாள். தங்கை கையை உயர்த்தி எடுத்து விரித்தாள். கடையில் மற்ற பெண்கள் மேல் தட்டுக்கு ஸ்டூல் போட்டுக்கொள்வார்கள்.