காத்திருக்காத மருந்து

உடம்பில் கைக்குத் தட்டுப்பட்ட ஒன்றை, வீட்டில் எவருக்கும் சொல்லாமல் எத்தனை நாளாக மறைத்து வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி கடுமையானதுதான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், மதுரையில் ஒரு மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் வேலை பார்த்தவன் வேறெப்படிக் கேட்பேன்? எங்கள் தொழிலின் சரக்கு பொறுமையற்றது. கண்ணுக்கெட்டாத நுண்துகள்களில் கதிரியக்கத்தை ஏற்றிக் காலையில் மருந்து கலப்போம். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அந்தத் தவிப்பை, தினமும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

வாசலில் ராகு காலம்

ஒரு வெள்ளிக்கிழமை. சோழவந்தான் முத்துலட்சுமிக்கு மார்பில் புற்றுக்கட்டி. அதன் அருகே மருந்தை ஏற்றினால், துகள்கள் அக்குளில் எந்த நிணநீர்க் கணுவை முதலில் எட்டுகின்றன என்று கேமரா காட்டும். நோய் பரவியிருந்தால், பெரும்பாலும் முதலில் அங்கேதான் போயிருக்கும். பிற்பகலில் அறுவை. மருந்து கலந்தாயிற்று, ஆளைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால், கணவர் வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறார்.

"பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்ணே. அதுவரைக்கும் உங்க மருந்தை ஐஸ்பெட்டியில வைங்க!"

ஐஸ்பெட்டிக்கு அது கட்டுப்படாது என்று நான் விளக்குவதற்குள் முத்துலட்சுமி இறங்கிவிட்டார்.

"நல்ல நேரம் வந்ததும் நீங்க வாங்க. நான் போறேன்."

இருண்ட திரை

ஊசி போட்டாயிற்று. திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஊசி போட்ட இடத்தை நர்ஸ் மெல்லத் தேய்த்துவிட, நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். வெற்றிலைக் கொடிக்காலில் இலைக் கிள்ளு முடியட்டும் என்று முத்துலட்சுமி ஓராண்டாகக் கட்டியை மறைத்தாராம். ஒரு கிள்ளு முடிவதற்குள் அடுத்தது காத்து நிற்கும் தோட்டம் அது! நம் ஒவ்வொருவருக்கும் அப்படியொரு கொடிக்கால் இருக்கிறது, வாசகரே. கடைசியில் அக்குளில் ஒரு புள்ளி மினுங்கியது. முத்துலட்சுமி தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுப் புள்ளிக்கா சார் எல்லாரும் இந்த ஓட்டம் ஓடுறீக?"

கட்டுப் பிரிக்க வந்த நாள்

அந்தக் கணுவில் நோய் இருந்தது. அக்குளின் மற்றக் கணுக்களையும் எடுக்க வேண்டியதாயிற்று, அதனால் கை வீங்கிவிட்டது. போன வருடமே வந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று முத்துலட்சுமி கேட்டார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா, தப்பியிருக்கலாம்" என்றேன். பிறகு, துணைக்கு வந்திருந்த நாத்தனார் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

"பஸ்ல லேசா உரசினதுக்கே மாரைப் பிடிச்சுக்கிட்டு முகத்தைச் சுளிச்சயே, என்னடி?"

"ஒண்ணுமில்ல மதினி. வாங்க, பஸ்ஸு போயிரும்."

"போனா அடுத்த பஸ்ஸு. டாக்டரு உள்ளதான இருக்காரு, எந்திரிடி!"

'அடுத்த வாரம் வாரேன் சார்' என்ற சொல்லுக்கு அஞ்சிய அளவு நான் கதிர்வீச்சுக்கு அஞ்சியதில்லை. இந்தப் பக்கத்தை மூடிவையுங்கள். இன்றே, விளக்கு வைப்பதற்குள் போய்க் காட்டிவிடுங்கள்.