பெருமாளுக்குக் காட்டிய மாத்திரை

திருச்சியில் இருந்துகொண்டு ஒருவருக்கு வைட்டமின் டி குறைய வேண்டுமென்றால் அதற்குத் தனியாக உழைத்திருக்க வேண்டும். என் மனைவி பல வருடங்களாக அப்படி உழைத்திருந்தாள். இருட்டோடு எழுந்து ஸ்ரீரங்கம் கோயிலில் விஸ்வரூப சேவைக்குப் போய்விட்டு, வெயில் வீதியில் இறங்குவதற்குள் வீடு திரும்பிவிடுவாள். எங்கள் அடுக்ககத்தின் பால்கனியோ பக்கத்து அடுக்ககத்தின் சுவரைப் பார்த்து நிற்கிறது. சாயங்காலம் மறுபடி கோயில். சூரியனுக்கும் அவளுக்கும் அறிமுகமே கிடையாது.

கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் தில்லை நகரில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, எலும்பு பலவீனமாக இருக்கிறது, இந்த நிலையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் இடுப்பு முறியும் என்றார்.

“வாரம் ஒரு கேப்ஸ்யூல். அறுபதாயிரம் யூனிட். எட்டு வாரம். அப்புறம் மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு, தினசரிக்குச் சின்ன டோஸா மாத்திக்கலாம். தினம் ஒண்ணு போட்டுடாதீங்கம்மா. நிறைய பேர் சத்து மாத்திரைதானேன்னு தினம் முழுங்கிட்டு, வாந்தி எடுத்துக்கிட்டு வராங்க. வெறும் வயித்துல வேண்டாம், சாப்பாட்டோட சாப்பிடுங்க.”

“சனிக்கிழமை சாப்பிடலாமா?” என்று கேட்டாள் என் மனைவி.

“உங்களுக்கு எந்தக் கிழமை மறக்காதோ, அந்தக் கிழமைம்மா.”

அவளுக்கு முழங்கால் வலி. ஆட்டோவிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மருந்துக் கடைக்கு நான் மட்டும் போனேன். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அடிவரை படிக்கிற வியாதி எனக்கு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் பிடித்தது, ஓய்வு பெற்றும் போகவில்லை. அட்டையின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டின். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் மாட்டின் தோல், எலும்பு. பிஸ்கட் பொட்டலத்தில் சைவம், அசைவம் என்று அடையாளம் போட்டாக வேண்டும். டாக்டர் சீட்டுக்கு விற்கிற மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

“இதே மருந்து பவுடரா இருக்கில்ல?” என்றேன்.

“சாஷே இருக்கு சார், பால்ல கலக்கிக் குடிக்கிறது. இப்ப ஸ்டாக் இல்ல. நாளைக்குச் சாயங்காலம் வந்துரும், எடுத்து வைக்கவா?” என்றாள் கடைப் பெண்.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. எனக்குப் பசி. மறுநாள் இன்னொரு தடவை காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து போக வேண்டும்.

“வேண்டாம்மா. இதையே குடு.”

ஆட்டோவில் அவள் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி கொண்டு வரவில்லை.

“என்னன்னா, தேன் சொட்டாட்டம் மினுமினுன்னு இருக்கு! இதுல ஒண்ணும் கலப்பு இல்லையே?”

“டாக்டர் எழுதிக் கொடுத்தது.”

“ஆமா, நீங்க படிக்காமலா வாங்கியிருக்கப் போறேள்?” என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தகவல் கேட்டு வருகிற மனுக்களுக்குப் பதில் எழுதுவது என் கடைசிக் கால வேலை. கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், ஒன்றும் சொல்லியிருக்கவும் கூடாது, பொய்யும் வரக் கூடாது. அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அதை வீட்டில் பயன்படுத்தியது அன்றுதான் முதல் தடவை என்று சொல்ல ஆசை. இல்லை. ஆனால் இவ்வளவு சுலபமாக அதற்கு முன் வந்ததில்லை.

எலும்பு முறிவதைவிட இது மேல் என்று ஸ்ரீரங்கம் வருவதற்குள் என்னைச் சமாதானப்படுத்தி முடித்திருந்தேன். அவளுக்குத் தெரிந்தால்தானே பாவம்? பாவம் ஏதாவது இருந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும்.

நான் எதிர்பார்க்காதது சனிக்கிழமை நடந்தது.

எங்கள் வீட்டில் தளிகை ஆனதும் பெருமாளுக்குக் காட்டிவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவது. சமைப்பது அவள், சாளக்கிராமத்துக்கு முன் உட்கார்ந்து மணியடித்துக் கண்டருளப் பண்ணுவது நான். அன்று உட்கார்ந்து பார்த்தால், சாதத்துக்குப் பக்கத்தில் குட்டி வெள்ளி வட்டில், அதில் அந்தக் கேப்ஸ்யூல், மேலே ஒரு துளசி தளம்.

“இது எதுக்கு இங்கே?”

“சாப்பாட்டோட சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாளே?”

“மருந்தையெல்லாம் யாராவது பெருமாளுக்குக் காட்டுவாளா?”

“ரத்த அழுத்த மாத்திரை கார்த்தால வெறும் தீர்த்தத்தோட போறது, அதுக்கு வேண்டாம். இது சாதத்தோடன்னா சேர்த்தி. சாதத்தோட உள்ளே போறதெல்லாம் அவர் கண்டருளினதாத்தான் போகணும். எலும்புக்கும் நன்னாப் பிடிக்கும். மணியடிங்கோ, ஆறிடப் போறது.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். என் கை மணியை எடுத்துவிட்டது. நிவேதனம் செய்யும்போது மனசுக்குள் ‘அது நீங்கலாக’ என்று சேர்த்துக்கொண்டேன். அரசாணைகளில் அப்படி விலக்கு சேர்ப்பது உண்டு. பெருமாளிடம் செல்லுமா என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை. அவள் கேப்ஸ்யூலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் கவளத்தோடு விழுங்கினாள்.

அந்த வாரம் முழுக்க வழி தேடினேன். பேசாமல் சாஷேயாக மாற்றிவிடலாம்; ஆனால் மாற்றினால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கேப்ஸ்யூலைக் குத்தி எண்ணெயை மட்டும் பாலில் பிழியலாம். மாட்டுத் தோலுக்குள் இருந்த எண்ணெய் எந்த வகையில் சேர்த்தி? ஒன்றும் சரியாக வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வட்டில் வந்தது. மணியடித்தேன். இந்தத் தடவை ‘நீங்கலாக’ என்று சேர்த்துக்கொள்ளக்கூட மனசு வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலை எடமலைப்பட்டி புதூரிலிருந்து அவள் தங்கை பேசினாள். இரண்டு பேருக்கும் காது மந்தம், ஆகையால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான்.

“எனக்கும் அதே கம்மியாம் அக்கா. மாத்திரை எழுதியிருக்கா. அதுல மாமிசம் கலக்கறான்னு யாரோ சொல்றா, பயமா இருக்கு.”

“அசடே, உங்க அத்திம்பேர் படிக்காம ஒண்ணை ஆத்துக்குள்ள விடுவாரா? நான் பெருமாளுக்கே கண்டருளப் பண்ணிட்டுன்னா சாப்பிடறேன்! அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன், அதையே வாங்கு.”

போனை வைத்துவிட்டு அட்டையை என்னிடம் நீட்டினாள். “நன்னா எழுத்து தெரியற மாதிரி எடுங்கோ.”

எழுத்து நன்றாகத் தெரியும்படி எடுப்பதுதான் சிக்கல். “அனுப்ப வேண்டாம்” என்றேன். “அவளுக்குச் சாஷே வாங்கிக்கச் சொல்லு. இதோட உறை ஜெலட்டின். மாட்டுத் தோல்ல பண்றது.”

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“இப்போதான் தெரிஞ்சுதா?”

“இல்ல. கடையிலேயே தெரியும்.”

“சாஷேன்னு ஒண்ணு இருக்குன்னும் தெரியுமா?”

“மறுநாள் வரும்னு கடையில சொன்னா. இன்னொரு தடவை போகணுமேன்னு…”

கத்துவாள் என்று நினைத்தேன். அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“எனக்குப் போனது போகட்டும். மருந்துன்னு நான் மனசைத் தேத்திப்பேன். கையில எடுத்துப் பெருமாளுக்குக் காட்டினது நீங்க. அவருக்கு என்ன சொல்லப் போறேள்?”

எந்த அலுவலகத்தில் எந்த மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் கேட்பார்கள். இந்த மனுவை நான் யாரிடம் கொடுப்பது? குளித்துவிட்டு வந்து சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்தேன். அவள் பாலும் மஞ்சளும் எடுத்து வைத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை.

அவள் மருந்தையே விட்டுவிடுவாளோ என்பதுதான் அப்போது என் பயம். நான் ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் அவள் இடுப்பு முறியக் கூடாது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

“பவுடருக்கு மாத்திடறோம் டாக்டர். முதல்லேருந்து எட்டு வாரம் ஆரம்பிக்கணுமா?”

“எதுக்கு சார்? உள்ள போனது போனதுதான், அது கணக்குல சேரும். மிச்ச வாரத்துக்கு மட்டும் அதே டோஸ் பவுடர்ல குடுங்க. அதுக்கு மேல வேண்டாம். ஏன், கேப்ஸ்யூல் ஒத்துக்கலையா அம்மாவுக்கு?”

“எனக்கு ஒத்துக்கலை” என்றேன். அவர் சிரித்தார்.

உள்ளே போனது கணக்கில் சேரும் என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அன்றே ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டிப் போய்ச் சாஷே வாங்கி வந்தேன். இந்தத் தடவை அதன் மூலத்தையும் விசாரித்திருந்தேன். ஆட்டு ரோமத்தில் ஊறுகிற கொழுப்பிலிருந்து எடுக்கிறார்கள், ஆட்டைக் கொல்வதில்லை. வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்காததையும் சேர்த்து. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தின் இரண்டு பக்கமும் படித்தாள். தங்கைக்குத் தானே போட்டோ எடுத்து அனுப்பினாள். பிறகு தளிகை ஆயிற்று, மணியடித்தேன், சாப்பிட்டோம். கடைசியில் அடுக்களையில் நின்றபடி பொடியைப் பாலில் கலக்கினாள்.

“இதைக் காட்ட வேண்டாமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்.”

“கம்பளி மாதிரிதான் இது. கம்பளி மடிக்கே ஆகுமே. இதுல தோஷம் கிடையாது.”

“அதை நீங்க சொல்றேள்” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. பாலைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். எட்டு வாரம் முடிந்து ரத்தத்தில் அளவு சரியாகிவிட்டது. இப்போது டாக்டர் சொன்ன சின்ன டோஸ், தினமும் சாப்பாட்டோடு. கோலம் போட்டுவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் எழுந்துகொள்கிறாள். மருந்து வாங்க நான் கிளம்பினால் தானும் செருப்பை மாட்டிக்கொள்கிறாள். கடையில் அவள்தான் முன்னால் நிற்கிறாள்.