கோச் ட்வோராக் எடுத்த மூன்றாவது துண்டு

லைல் ட்வோராக் ஒரு சத்தம் போட்டால் பத்து மைல் தள்ளி மேய்கிற மாட்டுக்கு மடியிலேயே பால் தயிராகிவிடும். நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது நெப்ராஸ்கா முழுக்கத் தெரியும். மீதிப் பாதி நிஜம். எங்கள் சின்னக் கல்லூரியில், பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால் பையன்களின் சட்டையைத் துவைத்து, ஹெல்மெட்டைத் துடைத்து வைப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் லைல்தான் அங்கே கோச்.

கசாப்புக் கடைக்காரர் மகன். படிக்கும்போது மோதித் தள்ளுகிற முன்வரிசையில் ஆடினான். மூக்கு நாலு தடவை உடைந்து நாலு திசையையும் பார்த்துவிட்டது. அப்புறம் உதவி கோச்சாகப் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது ஊர். அவன் மனைவி மார்லின் பீங்கான் தட்டுப் பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். எங்கள் ஊருக்கு வந்துகூட மூன்று வருஷம் கழித்துத்தான் பிரித்தாள்.

நாலாவது வருஷம் ரஸ் குபிசெக் விஷயம் நடந்தது. ஆட்டத்தில் தலையில் அடிபட்டு எழுந்த எங்கள் பையன் ரஸ், நேராகப் போய் எதிரணிப் பையன்கள் கூடிப் பேசுகிற வட்டத்துக்குள் நின்றான். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஓரத்துக்கு வந்தவனிடம் லைல் விரலை நீட்டினான்.

"எத்தனைடா?"

"ரெண்டு, கோச்."

சரியாகத்தான் சொன்னான். ஹெல்மெட்டைத் துடைத்து நான்தான் கையில் கொடுத்தேன். உள்ளே போனவுடன் இன்னொரு மோதல். அன்றைக்குப் போன ரஸ் முழுசாகத் திரும்பி வரவில்லை. அவன் அம்மா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். ஞாயிறுதோறும் லைல் பழம் வைத்த இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு போவான்.

"யாரு ஜெயிச்சா, கோச்?"

"நாமதான்டா."

பதினெட்டு வருஷம் இதே கேள்வி, இதே பதில். தோற்ற வாரத்திலும்.

அதன்பின் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தலையில் அடிபட்டவனின் ஹெல்மெட் உடனே என் கைக்கு வந்துவிடும். அது இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்க முடியாது. "பையன் கெஞ்சுவான், அவன் அப்பன் கெஞ்சுவான்," என்றான் லைல். "நானே கெஞ்சினாலும் குடுத்துடாத, வெண்டெல்."

கடைசியாக மூன்று வருஷம் தொடர்ந்து தோல்வி. புதிதாக வந்த கல்லூரித் தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை ஜெயித்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள். மார்லின் மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வைத்தாள்.

சனிக்கிழமை பாதி ஆட்டம் தாண்டும்வரை நாங்கள்தான் முன்னிலை. அப்போது எங்கள் பந்து எறிகிற பையன் டேட் ஆஸ்ட்ராண்டர் விழுந்தான். எழுந்து நடந்து, எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஹெல்மெட்டை வாங்கி, பக்கத்தில் இருந்த துண்டுக் கூடையின் அடியில் புதைத்தேன்.

மாற்று ஆளாகப் போனவன் எறிந்த பந்து தபாலில் போட்ட மாதிரி, எப்போது போய்ச் சேரும் என்றே தெரியாது. இரண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது நாங்கள் மூன்று புள்ளி பின்னால். ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. லைல் என்னிடம் வந்தான்.

"டேட் தெளிவாப் பேசறான். ஹெல்மெட் எங்க?"

"வண்டில வெச்சுப் பூட்டிட்டேன்."

"சாவி?"

"முழுங்கிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு பந்துடா. அவன் எறிஞ்சா போதும். இந்த வயசுல மார்லின் மறுபடி தட்டெல்லாம் பேப்பர்ல சுத்தணுமா?"

"மூஞ்சி ஒழுகுது. துண்டு எடுத்துத் தொடை."

ஒன்று எடுத்தான். துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தான். மூன்றாவதுக்குக் கூடைக்குள் விட்ட கை கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது துண்டு மட்டும்தான் இருந்தது. மாற்றுப் பையனைப் பார்த்து, "போ, நீயே எறி," என்றான். சத்தமே இல்லை. பால் தயிராகிற குரல் அன்றைக்கு எங்கே போனதோ.

தோற்றோம்.

திங்கட்கிழமை விசிலையும் கல்லூரி கொடுத்த மேல்சட்டையையும் திருப்பிக் கொடுக்க என் அறைக்கு வந்தான். சலவை இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தான்.

"சாவி வெளிய வந்துச்சா, புளுகா?"

"இன்னும் இல்ல. டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருக்கார்."

கொஞ்சம் சிரித்தான். "மூணாவது துண்டு எடுக்கறப்ப கைல தட்டுச்சு. ஹெல்மெட்டோட முகக் கம்பி. நல்லாப் பிடிச்சுட்டேன்டா."

நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தேன். "அப்புறம்?"

"விட்டுட்டேன்."

இயந்திரம் அவனுக்கு அடியில் சுற்றிக்கொண்டிருந்தது.

"நேத்து ரஸ் கேட்டான், யாரு ஜெயிச்சான்னு."

"என்ன சொன்ன?"

"தோத்துட்டோம்னேன். அவன் தன்னோட ரொட்டியப் பிச்சு, பாதிய எனக்குக் குடுத்தான்."